இணையவழி வணிகமும் கடன் அட்டைப் பாதுகாப்பும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி, மஃரிபுத் தொழுகைக்குப் பின் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

 

ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் கல்வி உதவி நிதி பற்றியும், மக்தப் பிள்ளைகளின் தேர்ச்சி பற்றியும் பேசுவதே கல்விக் குழுவின் வழக்கம். இம்முறை கடன் அட்டையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றபோது நிர்வாகத்தில் ஒருவர், "பள்ளிவாசலில் கிரெடிட் கார்டுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கான விடை நமது மஹல்லாவிலேயே இருக்கிறது. சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடும், பெயரைக் குறிப்பிடாமலும் அதை இங்கே எடுத்துரைக்கிறோம்.

அதற்கு முன் ஒரு விளக்கம். கடன் அட்டையைப் பயன்படுத்தலாமா என்பதில் ஆலிம் பெருமக்களிடையே இரு கருத்துகள் உண்டு. கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் செலுத்தி, வட்டி சேராமல் பார்த்துக் கொள்வதானால் ஆகும் என்போர் ஒரு சாரார். தாமதித்தால் வட்டி தருவேன் என்று கையெழுத்திடுவதே கூடாது என்போர் மற்றொரு சாரார். இதில் தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கு இல்லை. ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறுக. எனினும் ரயில் முன்பதிவுக்காகவும், உம்ரா பயணச்சீட்டுக்காகவும், வளைகுடாவில் இருக்கும் மகன் எடுத்துக் கொடுத்தான் என்பதற்காகவும் அட்டை நமது வீடுகளுக்குள் வந்துவிட்டது என்பது கண்கூடு. வந்துவிட்ட பொருளைக் காப்பது எப்படி என்பதே நமது இன்றைய பேச்சு.

ஜங்ஷன் பகுதியில் நெடுங்காலம் கடை நடத்தி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். வாழ்நாளில் வட்டிக்கு வாங்கியதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. வெளிநாட்டில் பணிபுரியும் மகன் சொன்னதன் பேரில் ஓர் அட்டை பெற்று, மாதந்தோறும் கெடுவுக்கு முன்பே முழுத் தொகையையும் கட்டி வந்தார். பேரப்பிள்ளைக்காக இணையத்தில் ஒரு பொருளுக்குப் பணம் செலுத்தினார். பொருள் குறித்த நாளில் வரவில்லை. விற்பனை நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கைப்பேசியில் தேடினார். முதலில் கண்ணில் பட்ட எண்ணுக்குப் பேசினார். பேசியவன் மிகுந்த மரியாதையோடு, "தங்கள் பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம் ஐயா; பதிவுக் கட்டணம் ஐந்து ரூபாய் மட்டும் அட்டை மூலம் செலுத்துங்கள்" என்றான். வழிகாட்டுவதற்கென்று ஒரு செயலியையும் கைப்பேசியில் ஏற்றச் சொன்னான். பெரியவர் ஏற்றினார்.

அந்தச் செயலி, நமது கைப்பேசியின் திரையில் தெரிவதையெல்லாம் தொலைவில் இருப்பவனுக்குக் காட்டும் செயலியாகும். அட்டை எண்ணை அவர் தட்டியபோது அவன் பார்த்துக் கொண்டிருந்தான். ஒருமுறைக் கடவுச்சொல், அதாவது ஓ.டி.பி. வந்தபோதும் பார்த்துக் கொண்டிருந்தான். அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது பெரியவருக்குத் தெரியும். அவர் சொல்லவும் இல்லை. அஸருக்குச் சற்று முன் 18,500 ரூபாய் போயிற்று. மறுநாள் காலை 18,900 ரூபாய் போயிற்று. செயலி கைப்பேசியிலேயே இருந்ததால் இரண்டாம் முறை அவரிடம் பேச வேண்டிய தேவைகூட அவனுக்கு ஏற்படவில்லை.

முதல் தொகை போன குறுஞ்செய்தியை அன்று மாலையே பெரியவர் பார்த்துவிட்டார். ஆனால் எவரிடமும் சொல்லவில்லை. வங்கியிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. இந்த வயதில் ஏமாந்தோமே என்ற வெட்கம். பட்டியல் வந்தபோது கையில் இருந்த சொற்பத் தொகையைக் கட்டினார். அடுத்த பட்டியலில் தாமதக் கட்டணத்தோடு வட்டி என்ற சொல்லும் ஏறி நின்றது. பேத்தி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு நம்மிடம் கொண்டு வந்தபோது ஏறத்தாழ நாற்பது நாட்கள் கழிந்திருந்தன.

மகன் தொலைபேசியில், "அத்தா, அன்றைக்கே ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டார்.

"அங்கே நீ வெயிலில் நிற்கிறாய். உன் மனதையும் ஏன் கெடுக்க வேண்டும் என்றுதான்" என்றார் பெரியவர். பிறகு நம் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னது இது: "ஜனாஸா வைத்த இடத்தில், மையித்துக்குக் கடன் இருந்தால் வாரிசுகளிடம் கேட்டுக் கொள்ளுங்கள் என்று அறிவிப்பார்களே, அப்போது ஒரு வங்கிக்காரன் வந்து நின்றால் என்ன செய்வது?"

கடன் அட்டை மோசடிக்கும் மற்றத் திருட்டுகளுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. சட்டைப் பையில் இருந்து பணம் போனால் அது நட்டம், அதோடு முடிந்தது. கடன் அட்டையில் இருந்து போனால் திருடன் நமது பெயரில் கடன் வாங்கியிருக்கிறான் என்று பொருள். நட்டம் கடனாக நிற்கிறது. கடன் வட்டியாக வளர்கிறது. அதுவும் மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் வளரும் வட்டி. வட்டியை விட்டு ஒதுங்கி வாழ்ந்தவரை வட்டிக்காரராக்கும் திருட்டு இது.

அட்டை எண் மட்டும் தெரிந்தால் போதும், அட்டையே கையில் இல்லாமல் எவ்வாறு பொருள் வாங்க முடிகிறது என்று பலர் கேட்கின்றனர். கடையில் அட்டையை இயந்திரத்தில் செருகும்போது அதில் உள்ள சில்லும், நாம் அழுத்தும் இரகசிய எண்ணும் சாட்சி சொல்கின்றன. இணையத்தில் அட்டையும் இல்லை, ஆளும் இல்லை. எண், காலாவதி மாதம், பின்புறம் உள்ள மூன்று இலக்கம் ஆகியவற்றை யார் தட்டினாலும் உரியவரே தட்டியதாகக் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது.

அக்காலத்தில் நடந்த ஒரு வழக்கு நம் நாட்டுச் சட்ட வரலாற்றில் இடம் பெற்றுவிட்டது. வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் தாயகத்தில் உள்ள உறவினருக்குப் பரிசுப் பொருள் அனுப்புவதற்காக சோனி நிறுவனத்தின் பொருள்களை விற்ற 'சோனி சம்பந்த்' என்றோர் இணையதளம் இருந்தது. அங்கே பணம் செலுத்தினால் இங்கே பொருள் வீட்டுக்கு வரும். 2002 மே மாதம் ஓர் அமெரிக்கப் பெண்மணியின் பெயரில் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றுக்கும், கம்பியில்லாத காதொலிக் கருவி ஒன்றுக்கும் கட்டளை வந்தது. பொருள் நொய்டாவில் ஓர் இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைக்கும்போது பெறுபவரைப் புகைப்படம் எடுத்து வைப்பது அந்நிறுவனத்தின் வழக்கம். ஒன்றரை மாதம் கழித்து, அட்டைக்கு உரியவர் தாம் எதையும் வாங்கவில்லை என மறுத்துவிட்டதாகத் தகவல் வந்தது. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. அந்த இளைஞர் ஓர் அழைப்பு மையத்தில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு வாடிக்கையாளரின் அட்டை எண் கைக்கு வந்திருக்கிறது, அதை வைத்துக் கொண்டார். 2003ல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 418, 419, 420 ஆகிய பிரிவுகளின் கீழ் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. இந்தியாவில் இணையக் குற்றத்துக்குக் கிடைத்த முதல் தண்டனைத் தீர்ப்பு என்று இதைக் குறிப்பிடுவர். வயது இருபத்து நான்கு, முதற்குற்றம் என்பதால் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் நீதிமன்றம் விடுவித்தது.

இவ்வழக்கில் அட்டைக்கு உரிய பெண்மணி செய்த தவறு யாதொன்றும் இல்லை. நம்பிக்கையோடு எண்ணைக் கொடுத்தார். அமானிதமாகப் பெற்ற இடத்தில் அது களவாடப்பட்டது. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவில் ஹார்ட்லாண்டு என்ற பணப்பரிமாற்ற நிறுவனத்தின் கணினிகளில் புகுந்தவர்கள் சுமார் 13 கோடி அட்டைகளின் விவரங்களை எடுத்துச் சென்றது 2009ல் வெளிப்பட்டது. நம் நாட்டில் பெங்களூரைச் சேர்ந்த ஜஸ்பே நிறுவனத்தில் 2020 ஆகஸ்டில் ஏற்பட்ட ஊடுருவலில் சுமார் 3.5 கோடி அட்டைப் பதிவுகள் வெளியேறின. நடு இலக்கங்கள் மறைக்கப்பட்டிருந்தமையால் சேதம் குறைந்தது.

இத்தகைய திருட்டுக்கு எதிராக ரிசர்வ் வங்கி படிப்படியாகப் பூட்டுகளை ஏற்படுத்தியது. முதற்பூட்டு 2009 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அட்டையில் அச்சிடப்படாத ஒரு சான்று, அதாவது கடவுச்சொல், இணையப் பரிமாற்றத்துக்குக் கட்டாயம் என்பதே அது. பின்னர் அதுவே நாம் அறிந்த ஓ.டி.பி. ஆயிற்று. பல நாடுகளில் இல்லாத பாதுகாப்பை அன்றே நமக்கு அளித்த ஆணை அது. வங்கிகளைக் குறை கூறுவது போலவே இதற்கு நன்றி கூறவும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்த ஆணை வெளிநாட்டு வணிகர்களைக் கட்டுப்படுத்தவில்லை. எண்ணும் மூன்று இலக்கமும் தெரிந்தால் அயல்நாட்டுத் தளத்தில் ஓ.டி.பி. இன்றியே பணம் போய்விட்ட நிகழ்வுகள் ஏராளம். இரவு தூங்கி எழுந்தால் டாலர் கணக்கில் செலவு. எனவே 2020 ஜனவரி 15ல் மற்றோர் ஆணை பிறந்தது. புதிதாக வழங்கப்படும் அட்டை, உள்நாட்டு ஏ.டி.எம்.மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே இயங்கும் நிலையில் தரப்பட வேண்டும். இணையப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு, தொடாமல் செலுத்தும் முறை ஆகிய ஒவ்வொன்றையும் உரியவரே திறக்கவும் மூடவும், ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு வைக்கவும் வங்கி வசதி செய்ய வேண்டும். வங்கியின் செயலியில் இது சில நொடி வேலை. இந்த மேடைக்கு வருமுன் நமக்குத் தெரிந்தவர்களிடம் விசாரித்தோம். அட்டை வைத்திருப்போரில் பெரும்பாலோர் இப்படி ஒரு வசதி இருப்பதையே அறியவில்லை. கடன் வரம்பு ஒரு இலட்சம் என்றால் இணையத்திலும் ஒரு இலட்சம் திறந்து கிடக்க வேண்டும் என்பதில்லை. மாதம் ஐயாயிரத்துக்கு மேல் இணையத்தில் வாங்காதவர் ஐயாயிரம் என்றே வரம்பு வைக்கலாம். நமது பெரியவர் அவ்வாறு வைத்திருந்தால் அந்த இரண்டு தொகைகளில் ஒன்றுகூடப் போயிருக்காது.

மூன்றாவது பூட்டு, 2022 அக்டோபர் 1 முதல் வணிகத் தளங்கள் நமது அட்டை எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது என்ற விதி. எண்ணுக்குப் பதிலாக அந்த ஒரு கடைக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு மாற்று அடையாளத்தைத் தருகிறார்கள். அதற்கு டோக்கன் என்று பெயர். கடையின் கணினியில் திருடன் புகுந்தாலும் டோக்கனை எடுத்துப் போய் வேறு கடையில் செலவிட முடியாது. ஆகவே, அறியப்பட்ட தளங்களில் அட்டையைச் சேமிக்கலாமா என்று கேட்டால் அதற்கு ஒப்புக் கொள்வதில் பெருந்தீங்கு இல்லை.

இங்கே நமது ஜமாஅத்தின் வணிகப் பெருமக்களிடம் ஒரு வார்த்தை. கொலுசு, துணி, பலகாரம் எனத் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் எடுப்போர் நம்மில் பலர் உள்ளனர். வாடிக்கையாளர் வசதிக்காக அட்டை எண்ணைக் கணக்கு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே கிழித்தெறியுங்கள். ஹிஜ்ரத் புறப்படும் இரவிலும், தம்மைப் பகைத்தவர்கள் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவரிடம் திருப்பித் தருவதற்காக அலீ (ரலி) அவர்களை நிறுத்திச் சென்ற நபிகளாரின் உம்மத் நாம். பிறர் அட்டை எண்ணும் அமானிதமே.

மேற்கண்ட பூட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தபின் திருடனுக்கு ஒரே வழிதான் மிஞ்சியது. பூட்டை உடைப்பதை விட்டுவிட்டு, வீட்டுக்காரரையே திறக்கச் சொல்வது. ஆகவே இன்றைய மோசடியின் பெரும்பகுதி கணினித் திறமையால் நடப்பதன்று. பேச்சுத் திறமையால் நடப்பது. நமது இளைஞர்கள்கூட, படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று எண்ணுகிறார்கள். அவசரத்தில் இருப்பவர் எவரும் ஏமாறுவார் என்பதே நாம் கண்டது.

அவன் பேசும் முறைகளில் இரண்டொன்றைச் சொல்கிறோம். "உங்கள் அட்டை எண் இவ்வாறு தொடங்குகிறது, சரிதானே?" என்று முதல் ஆறு இலக்கங்களைப் படித்துக் காட்டுவான். நமது எண் வங்கிக்காரருக்கன்றி யாருக்குத் தெரியும் என்று நாம் மயங்கிவிடுவோம். உண்மையில் முதல் இலக்கங்கள் வங்கியையும் அட்டை வகையையும் குறிப்பவை. அதே வங்கியின் அதே வகை அட்டை வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானோருக்கும் அவை ஒன்றே. அவற்றைச் சொல்வது, "உங்கள் ஊர் பின்கோடு எனக்குத் தெரியும்" என்று சொல்வதற்கு ஒப்பானது.

மற்றொன்று, வெகுமதிப் புள்ளிகள் இன்று காலாவதி ஆகின்றன, அட்டையின் வரம்பை உயர்த்துகிறோம், ஆண்டுக் கட்டணத்தை நீக்குகிறோம் என்பது. இவற்றில் எதற்கும் ஓ.டி.பி.யைப் பிறரிடம் சொல்ல வேண்டிய தேவை இல்லை. வந்த குறுஞ்செய்தியை முழுமையாகப் படித்தாலே உண்மை புரிந்துவிடும். எந்தக் கடைக்கு, எவ்வளவு ரூபாய் என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். நாம் இலக்கங்களை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைப் படிப்பதில்லை. பெரியவருக்கு வந்த செய்தியிலும் 18,500 என்ற தொகை இருந்தது. அவர் கண் ஐந்து ரூபாயைத்தான் தேடியது.

சேவை எண்ணைப் பொறுத்தவரை நமக்கு ஒரே விதிதான். இணையத்தில் தேடிக் கிடைத்த எண்ணுக்குப் பேசாதீர்கள். வங்கியின் எண் அட்டையின் பின்புறமே அச்சிடப்பட்டிருக்கிறது. கடையின் எண் அக்கடையின் செயலிக்குள்ளேயே இருக்கும். வங்கிகளின் இணைய முகவரிகள் 'பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்து, 2025 அக்டோபர் 31க்குள் மாறிக்கொள்ளக் கெடுவும் விதித்தது. வேறுவிதமாக முடியும் முகவரியில் வங்கியின் பெயரும் சின்னமும் இருந்தாலும் சந்தேகப்படுக. பண்டிகைக் காலத்தில் பாதி விலை, கால் விலை என்று விளம்பரம் செய்து, ஒரு மாதத்தில் மறைந்துவிடும் தளங்களும் உள்ளன. லீ பஜாரில் மூட்டை எடுக்கும்போது விலை மலிவாக இருந்தால் சரக்கை முகர்ந்து பார்க்கும் நாம், இங்கே மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு அட்டையை நீட்ட வேண்டும்? அறியாத தளமாயின், பொருள் வந்தபின் பணம் தரும் முறை உண்டா எனப் பாருங்கள். இல்லையேல் விட்டுவிடுங்கள்.

மறுமுனையில் பேசுபவன் யார் என்பதையும் ஒரு கணம் நினைக்க வேண்டியுள்ளது. கணினி வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, இத்தகைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட நம் தமிழகப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தனர். மியான்மாரில் இருந்து மீட்கப்பட்ட சிலர் 2022 அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தனர். உள்ளூரிலும், "உன் வங்கிக் கணக்கை ஒரு மாதம் கொடு, கமிஷன் தருகிறோம்" என்று கல்லூரி மாணவர்களை அணுகுகிறார்கள். திருடிய பணம் வந்து போவதற்கான வழி அது. காவல்துறை முதலில் தேடி வருவது கணக்குக்கு உரியவனைத்தான். பெற்றோர் இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேச வேண்டுகிறோம்.

இனி, பணம் போய்விட்டது என்றால் என்ன செய்வது? இந்த உரையில் ஒன்றை மட்டும் நினைவில் கொள்வதாயின் இப்பகுதியைக் கொள்ளுங்கள்.

2017 ஜூலை 6ல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. நமது அனுமதியின்றி நடந்த மின்னணுப் பரிமாற்றத்தில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்பதை அது வரையறுத்தது. தவறு வங்கியுடையதாயின் நமக்குப் பொறுப்பே இல்லை. தவறு வங்கியிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை, இடையில் வேறெங்கோ நிகழ்ந்தது என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமது நட்டம் பூஜ்யம். நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் தெரிவித்தால், ஐந்து இலட்சம் வரை வரம்புள்ள கடன் அட்டைக்கு நமது பொறுப்பு அதிக அளவாக 10,000 ரூபாய். அதன் பிறகு வங்கியின் சொந்தக் கொள்கைப்படி. தெரிவித்த பத்து வேலை நாட்களுக்குள் அத்தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். தொண்ணூறு நாட்களுக்குள் முடிவு காண வேண்டும். அதுவரை கடன் அட்டைக்காரர் மீது வட்டிச் சுமை ஏறக்கூடாது. வாடிக்கையாளரே பொறுப்பு என்று மெய்ப்பிக்கும் கடமையும் வங்கியையே சாரும். இவ்விதிகளைக் காலத்துக்குக் காலம் திருத்துவதுண்டு. ஆதலால் அன்றைய விதி யாது என வங்கியில் கேட்டு எழுத்தில் பெறுக.

நமது கவனக்குறைவால் போயிருந்தால்? ஓ.டி.பி.யை நாமே கொடுத்துவிட்டிருந்தால்? பலர் இங்கேதான் வாயடைத்துப் போகின்றனர். கொடுத்தது நான்தானே, எந்த முகத்தோடு வங்கிக்குச் செல்வது என்று நினைக்கின்றனர். அச்சுற்றறிக்கை அதற்கும் விடை கூறியது. வங்கியிடம் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட நட்டம் நம்முடையது. தெரிவித்த பின் ஏற்படும் நட்டம் வங்கியுடையது. இவ்வரியை ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதல் நாள் மாலை போன 18,500 ரூபாய்க்குப் பெரியவர் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. ஆனால் அன்றிரவு அட்டையின் பின்புற எண்ணுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்திருந்தால் மறுநாள் காலை 18,900 ரூபாய் போயிருக்காது. அட்டை முடக்கப்பட்டிருக்கும். தப்பித் தவறிப் போயிருந்தாலும் அது வங்கியின் கணக்கு. ஆக, அந்த இரண்டாம் தொகையைக் கொண்டு போனது திருடன் மட்டுமல்ல. ஓர் இரவு முழுவதும் காத்த மௌனமும்தான். அவரைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. இதைச் சொல்லும்படி நம்மைக் கேட்டுக் கொண்டவரே அவர்தாம்.

ஆகவே முதல் வேலை, அட்டையை முடக்குவது. செயலியில் முடியும், தொலைபேசியிலும் முடியும். புகார் எண்ணைக் கேட்டு, நேரத்தோடு எழுதி வைத்துக் கொள்ளுங்கள். ஏற்றிய செயலியை உடனே நீக்குங்கள். நீக்கத் தெரியாவிட்டால் கைப்பேசியின் இணைய இணைப்பை அணைத்துவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டு செல்லுங்கள். அடுத்த வேலை 1930. மத்திய அரசு 2021 ஏப்ரலில் தொடங்கிய ஏற்பாடு இது. முதலில் 155260 என்றிருந்த எண் பின்னர் 1930 ஆயிற்று. பணம் ஒரு கணக்கில் இருந்து மறு கணக்குக்குத் தாவிச் செல்லும்போதே அதை ஆங்காங்கே நிறுத்தி வைக்க வங்கிகளையும் காவல்துறையையும் இணைக்கும் வழி. மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் எடுக்கப்பட்டுவிடும். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். சேலம் மாநகரக் காவல்துறையின் சைபர் குற்றப்பிரிவிலும் நேரில் முறையிடலாம்.

வங்கி முப்பது நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகும் உரிமை உண்டு. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் வழிமுறையைக் கேட்டறியலாம்.

பெரியவரின் விவகாரம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். நாற்பது நாட்கள் கடந்திருந்ததால் பணம் மீளவில்லை. காவல்துறையில் புகார் பதிவாகியுள்ளது. நாம் எழுதிக் கொடுத்த முறையீட்டின் பேரில் வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் வங்கி நீக்கியது. அசலை மகன் அனுப்பினார். கணக்கு நேராகி, பாக்கி இல்லை என்ற கடிதம் வந்த அன்று பெரியவர் ஃபஜ்ருக்கு முன்பே பள்ளிக்கு வந்து அமர்ந்திருந்தார். கடனை எழுதி வைக்குமாறு கட்டளையிடும் வசனம்தான் திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை ஹஜ்ரத் அவர்கள் அன்று பயானில் நினைவூட்டினார்கள்.

இன்று இஷாத் தொழுகைக்குப் பின் கல்விக் குழுவைச் சேர்ந்த இருவர் பள்ளியின் முன்திண்ணையில் அமர்ந்திருப்பர். பெண்களுக்கு மதரஸா அறையில் இரு சகோதரிகள் இருப்பர். அட்டை வைத்திருப்போர் கைப்பேசியோடு வரவும். வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடவும், இணைய வரம்பைக் குறைக்கவும் அருகில் இருந்து சொல்லித் தருவோம். விரல் உங்களுடையதாகவே இருக்கட்டும். நாங்கள் தட்ட மாட்டோம். அட்டையின் பின்புறம் உள்ள மூன்று இலக்கத்தை எங்களிடமும் காட்ட வேண்டாம்.